திருவதிகையும் தீராத வயிற்றெரிச்சலும்

வரதராஜன்பேட்டையிலிருந்து முந்திரித் தோப்புகளைக் கடந்து, விருத்தாசலம் வழியாக வடக்கே சென்றால், பண்ருட்டியை அடுத்துத் திருவதிகை வீரட்டானம் வரும். ஏழாம் நூற்றாண்டில் சூலை நோயால் துடித்த திருநாவுக்கரசர், ஈசனைப் பாடி நலம் பெற்ற தலம் அது. வயிற்றுவலி தாளாமல் இரவோடு இரவாக வந்து, தமக்கை திலகவதியாரின் திருவடியில் விழுந்தார் என்கிறது பெரியபுராணம். அவர் வலியை மறைக்கவில்லை. உரியவரிடம் சென்று முறையிட்டார்.

இன்றோ, மேல்வயிற்றில் எரிச்சல், சிறிது உண்டதுமே வயிறு நிரம்பிய உணர்வு, குமட்டல் ஆகியவற்றை 'வயதானால் வருவதுதான்' என்று முதியோர் பலர் பொறுத்துக்கொள்கின்றனர். இரைப்பையின் உட்புறச் சவ்வு நெடுநாளாக அழன்று புண்பட்டிருப்பதன் அடையாளமாக அவை இருக்கலாம்.

இந்த அழற்சிக்குக் காரமும் கவலையுமே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1982-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்களான பாரி மார்ஷலும் ராபின் வாரனும், இரைப்பையிலேயே வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியைக் கண்டறிந்தனர். அதற்காக 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். கிருமி இருப்பது பரிசோதனையில் உறுதியானால், பெரும்பாலும் 14 நாள் மருந்துகள் தரப்படும். எரிச்சல் தணிந்ததென்று இடையில் நிறுத்தினால் கிருமி முற்றும் அழியாது.

மற்றொரு முக்கிய காரணம், முழங்கால் வலிக்காக நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரை. அது இரைப்பைச் சவ்வின் இயற்கைக் காப்பைக் குறைக்கிறது. ஆயினும், இதயத்துக்காகத் தரப்பட்ட ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்துதல் ஆகாது. மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

ஏகாதசி, சஷ்டி நாள்களில் வெறும் வயிற்றில் காபி அருந்தி, மாத்திரையும் உண்பது எரிச்சலை மிகுவிக்கும். இயலாதோர் பாலும் பழமும் கொண்டு விரதம் நோற்பதை முன்னோரே ஏற்றுள்ளனர். அதனால் பக்தி குறைந்துவிடாது. மற்ற நாள்களில் நேரத்தோடு, சிறிது சிறிதாக உண்பதும், புகையிலையையும் மதுவையும் அறவே விடுவதும் நலம்.

மலம் தாரைப்போல் கறுத்தல், இரத்த வாந்தி ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காரணமின்றி உடல் மெலிந்தாலும், விழுங்குவதில் தடை இருந்தாலும் காலம் தாழ்த்தலாகாது.

திலகவதியார் திருநீறு அளித்துத் தம்பியைச் சன்னிதிக்கு அழைத்துச் சென்றார். இல்லத்து முதியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாளாவிருந்தால், நெற்றியில் நீறிட்டு, கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் அத்தகைய அன்பே. வீரட்டானேசுவரர் துணைநிற்பார்.