பிடித்த ஏரியாவில் வாடகைக்கு இருக்கலாம்... ஃபிளாட் வாங்கலாமா? சூளைமேட்டிலிருந்து ஒரு கணக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சூளைமேட்டில் ஒரு ஃபிளாட் பார்க்கப் போனேன். மூன்றாவது மாடி, இரண்டு பெட்ரூம், ஜன்னலைத் திறந்தால் நல்ல காற்று. நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம்.

"தம்பி, சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வருது. ஒரு லட்சம் டோக்கன் போட்டுட்டா உங்களுக்கே முடிச்சிடலாம்" என்றார் புரோக்கர். எனக்கும் பிடித்துவிட்டது. போனை எடுத்து பணம் அனுப்பத் தயாராகிவிட்டேன்.

ஒரு பேச்சுக்குத்தான் அப்ரூவ்டு பிளானைக் கேட்டேன். காட்டினார். தரைத்தளம், அதற்கு மேல் இரண்டு தளம், மொத்தம் 6 வீடுகள். நான் நின்றுகொண்டிருந்த மூன்றாவது மாடி அந்த பிளானிலேயே இல்லை!

"மெட்ராஸ்ல எல்லா பில்டிங்கும் இப்படித்தான் தம்பி. பேங்க்ல லோன் வரலைன்னா வேற ஃபைனான்ஸ் இருக்கு, நான் ஏற்பாடு பண்றேன்" என்றார், ரொம்ப சாதாரணமாக.

நான் கையில் வைத்திருப்பதாகச் சொன்ன பணத்தில் பாதி அப்பாவுடையது. ஊரில் இருக்கும் இரண்டு மா நிலத்தை விற்றுத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். டோக்கன் போடாமல் இறங்கி வந்த பிறகு, ஒரு மாதமாக இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கும் உதவலாம்.

ஏரியா வேறு, பத்திரம் வேறு

சூளைமேடு ஏன் பிடிக்கிறது? தண்டவாளத்தைத் தாண்டினால் நுங்கம்பாக்கம், லயோலா கல்லூரி. இந்தப் பக்கம் கோடம்பாக்கம், வடபழனி. மாணவர்கள், ஐடி ஊழியர்கள், சினிமா வாய்ப்பு தேடுபவர்கள் என்று தெருவுக்குத் தெரு நம் வயதுக்காரர்கள். ராத்திரி 11 மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வந்தாலும் எங்கேயாவது ஒரு தோசைக்கல் சூடாக இருக்கும்.

ஆனால், இதெல்லாம் வாடகைக்கு இருப்பவருக்கும் கிடைக்கிறது. பத்திரத்தில் உங்கள் பெயருக்கு வருவது தோசைக்கடை இல்லை. அதில் வருவது ஒரு கட்டடத்தின் பகுதியும், அது நிற்கும் மனையில் 'பிரிபடாத பாகம்' எனப்படும் யுடிஎஸ் பங்கும்தான். சுவருக்கு வயதாக ஆக மதிப்பு குறையும். நகரின் நடுவில் விலை ஏறுவது பெரும்பாலும் அந்த நிலத்துக்குத்தான்.

யுடிஎஸ் ஏன் முக்கியம்?

ஒரு உதாரணம். 2 கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி மனை. சென்னையில் சாதாரணக் கட்டடங்களுக்கு முன்பு இருந்த எஃப்எஸ்ஐ 1.5. அந்தக் கணக்கில் 7,200 சதுர அடி கட்டலாம். எட்டு வீடு என்றால், வீட்டுக்கு 900 சதுர அடி கட்டடம், 600 சதுர அடி நிலப் பங்கு.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் வந்தபோது இந்த எஃப்எஸ்ஐ 2 ஆக உயர்ந்தது. இப்போது அதே மனையில் 9,600 சதுர அடி வரை கட்ட முடியும். எத்தனை மாடி, எத்தனை வீடு என்பது சாலை அகலத்தையும் பொறுத்தது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட பில்டர்கள் ஆர்வம் காட்டுவது இந்தக் கூடுதல் 2,400 சதுர அடிக்காகத்தான்.

2024-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022-ன்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். அந்த நாள் வரும்போது மேஜையில் உங்கள் பலம் யுடிஎஸ்தான். 600 சதுர அடி வைத்திருப்பவருக்கும் 300 வைத்திருப்பவருக்கும் கிடைப்பது ஒன்றாக இருக்காது. அனுமதி இல்லாத மாடியில் வீடு வைத்திருப்பவர் நிலைமை இன்னும் மோசம்.

கையில் எவ்வளவு வேண்டும்?

80 லட்ச ரூபாய்க்கு ஒரு மறுவிற்பனை ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 முதல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடன் சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆக, கடன் அதிகபட்சம் 64 லட்சம். மீதி 16 லட்சம் உங்களுடையது.

அதோடு முடியவில்லை. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலைக்கும் பத்திரம் போட்டால் 7.2 லட்சம். ஆகமொத்தம் 23.2 லட்சம் ரொக்கமாக வேண்டும். புரோக்கர் கமிஷன், வக்கீல், பெயின்ட் எல்லாம் தனி.

64 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் இஎம்ஐ சுமார் 55,500 ரூபாய். முதல் மாத இஎம்ஐயில் 45,300 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது பத்தாயிரம் சொச்சம்தான். அதனால், மூன்று நான்கு வருஷத்தில் பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ வேலை மாறி வீட்டை விற்றால், அசல் பெரிதாகக் குறைந்திருக்காது. பதிவுக்குக் கட்டிய 7.2 லட்சமும் திரும்பி வராது.

'ரெரா இருக்கே' என்பவர்களுக்கு...

2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் நல்ல சட்டம்தான். அதன்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் பில்டர் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. ஒப்படைத்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், அவரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.

ஆனால், 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில் 8 வீடுகளுக்கு மேற்படாமல் கட்டினால், ரெராவில் பதிவு செய்ய வேண்டியதில்லை. நாம் பார்த்த 2 கிரவுண்டு மனை எத்தனை சதுர மீட்டர்? சுமார் 446! சூளைமேடு மாதிரி சின்னச் சின்ன மனைகள் உள்ள ஏரியாக்களில் எழும் பல புதுக் கட்டடங்கள் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். அங்கே ரெரா பதிவு எண்ணை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. நாமேதான் பார்க்க வேண்டும்.

டோக்கனுக்கு முன் பார்க்க வேண்டியவை

* அப்ரூவ்டு பிளானைக் கையில் வைத்துக்கொண்டு மாடிகளையும் கதவுகளையும் எண்ணுங்கள். பிளானில் உள்ளதைவிட அதிகம் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

* எல்லா வீடுகளின் யுடிஎஸ்ஸையும் கூட்டிப் பாருங்கள். மனை அளவோடு பொருந்த வேண்டும்.

* பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழைப் பார்த்துவிடுங்கள். தாய்ப் பத்திரத்திலிருந்து எல்லாவற்றையும் உங்களுடைய வக்கீலிடம் கொடுங்கள். புரோக்கர் காட்டும் வக்கீலிடம் வேண்டாம்.

* வங்கி கடன் தர மறுத்தால், அதை இலவசமாகக் கிடைத்த எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். அதிக வட்டிக்கு வேறு இடம் தேடாதீர்கள்.

* 2015-லும் 2023 டிசம்பரிலும் அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று விசாரியுங்கள். வீட்டுக்காரரைவிட எதிரே இருக்கும் மளிகைக்கடைக்காரர் சரியாகச் சொல்வார்.

வாடகை வீண் செலவா?

"மாசா மாசம் வாடகையா கொட்டுறதுக்கு இஎம்ஐ கட்டலாமே" என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் வசனம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. வாடகை ஏறிக்கொண்டே போகும். வீட்டுக்காரர் எப்போது காலி செய்யச் சொல்வாரோ என்ற பயம் இருக்கும். 'பேச்சிலர்களுக்கு வீடு இல்லை' என்ற போர்டை நானே நான்கு முறை பார்த்துத் திரும்பியிருக்கிறேன். பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டமோ, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. கையெழுத்துப் போடும் முன் அதைச் சொல்லிப் பேரம் பேசலாம்.

ஆனால், இந்தத் தொல்லைகளிலிருந்து தப்பிக்கவே ஒரு தவறான ஃபிளாட்டை வாங்கினால், அடுத்த 20 வருஷம் தொல்லை நம் பெயரிலேயே இருக்கும். அதே வீட்டுக்கு வாடகை 25,000 என்றால், இஎம்ஐக்கும் அதற்கும் மாதம் 30,500 ரூபாய் வித்தியாசம். அதைச் செலவழித்துவிடாமல் தனியாகச் சேர்த்தால், ஐந்து வருஷத்தில் வட்டி இல்லாமலே 18 லட்சத்தைத் தாண்டும். வாடகை ஏற ஏற இது கொஞ்சம் குறையும். இருந்தாலும், அடுத்த முறை புரோக்கர் "சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வருது" என்று சொல்லும்போது, "வரட்டும்" என்று சொல்கிற தைரியத்தை அந்தப் பணம் கொடுக்கும்.

என் முடிவு இதுதான். பத்து வருஷம் இங்கேதான் இருப்பேன் என்பது உறுதியாக வேண்டும். பிளானும் யுடிஎஸ்ஸும் சரியாக இருக்க வேண்டும். முன்பணம் என் சம்பாத்தியத்திலிருந்து வர வேண்டும். இந்த மூன்றும் சேரும் வரை சூளைமேட்டில் நான் வாடகைக்காரன்தான். முப்பது வயதுக்குள் 'சொந்த வீடு' என்று ஸ்டேட்டஸ் போடுவதற்காக, பெற்றோருக்குச் சோறு போடும் நிலத்தைப் பிளானில் இல்லாத ஒரு மாடிக்கு மாற்றிக்கொள்வதில் எந்தப் புத்திசாலித்தனமும் இல்லை.

அப்பாவுக்கு போன் செய்து நிலத்தை விற்க வேண்டாம் என்றேன். ஏன் எதற்கு என்று அதிகம் கேட்கவில்லை. "சரிப்பா, அப்ப இந்த வருஷமும் நாத்து விட்டுடுறேன்" என்றார். குரலில் ஏமாற்றம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.