உப்புக் காற்றிலும் உழைக்கும் கருவிகள்



வீட்டுக்கென்று ஒரு கருவி வாங்கப் புறப்படும்போது எல்லோரும் விலையைக் கேட்கிறோம், பளபளப்பைப் பார்க்கிறோம். கடற்கரையில் குடியிருப்போர் அதற்கு முன்பே கேட்க வேண்டியவை சில உண்டு. இந்த உப்புக் காற்றை இது தாங்குமா? பழுதுபட்டால் நம் ஊர்ப் பட்டறையிலேயே செப்பனிட இயலுமா? இதனால் வீட்டில் யாருடைய சுமை குறையும்? இம்மூன்றாம் கேள்வியைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

இம்மாதம் தண்ணீரைச் சார்ந்த கருவிகளையே எடுத்துக்கொள்கிறேன். இராமநாதபுரம் மாவட்டத்தில் இல்லறத்தின் பாதிப் பாரம் தண்ணீரில் அல்லவா இருக்கிறது! காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து ஆண்டுகள் பல ஆகியும், குழாயில் நாள்தோறும் தண்ணீர் வராத சிற்றூர்கள் எத்தனையோ உள. கடலாடிப் பக்கத்திலும் முதுகுளத்தூர்ப் பக்கத்திலும் கோடைக் காலத்தில் சாலை வழியே செல்வோர் தவறாமல் காணும் காட்சி ஒன்று உண்டு. இரும்புச் சட்டத்தில் வண்ண வண்ணக் குடங்கள் வரிசையாக அமர்ந்திருக்க, ஒரு தாயோ மகளோ அதைத் தள்ளிக்கொண்டு வருவாள். அந்தத் தண்ணீர்த் தள்ளுவண்டியைப் பற்றி எந்த விளம்பரமும் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. ஆயினும் இக்கரையில் பிறந்த கருவிகளுள் அதற்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

அதற்கு முன்னோடி பிளாஸ்டிக் குடம். பித்தளைக் குடத்தின் வெற்று எடையே சில கிலோ இருக்கும். மண்குடமும் இலேசன்று, கைதவறினால் உடைந்தும் போகும். பிளாஸ்டிக் குடமோ ஒரு கிலோவைத் தொடுவதே அரிது. அதனால் கழுத்தில் ஏறிய பாரத்தில் ஒரு பங்கு குறைந்தது உண்மை. ஆனால் தண்ணீரின் எடையை எந்தக் குடமும் குறைக்காது. பதினைந்து லிட்டர் என்றால் பதினைந்து கிலோதான். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று நடப்பவள் முப்பது கிலோ சுமக்கிறாள். ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு அது போதாது. மீண்டும் ஒரு நடை, மீண்டும் ஒரு நடை.

எட்டுக் குடம் கொள்ளும் வண்டியில் ஒரே நடையில் நூற்றிருபது லிட்டர் வந்து சேர்கிறது. வண்டியின் எடையையும் சேர்த்து நூற்றைம்பது கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றடைத்த சக்கரமாக இருந்து, தார்ச் சாலையும் சமமாக இருந்தால், அதை நகர்த்த வேண்டிய விசை இரண்டு மூன்று கிலோ எடைக்கு ஈடானதே. அதே வண்டி நெகிழ்ந்த மணலில் இறங்கினால் முப்பது கிலோவுக்கு ஈடான விசையும் போதாமல் போகும். ஆகவே வண்டி செய்யச் சொல்லும்போது சட்டத்தின் அழகை விடுத்துச் சக்கரத்தைக் கவனியுங்கள். சாலையோர ஊர்களுக்குச் சைக்கிள் சக்கரம் நன்று. தீவுக்குள்ளும் மணற்பாங்கான குடியிருப்புகளிலும் அது கத்தி போல் மணலை அறுத்துக்கொண்டு புதையும். அங்கே மொபெட், ஸ்கூட்டர் ஆகியவற்றின் பழைய அகலச் சக்கரங்களே தக்கவை. விளையாட்டுச் சாமான் போன்ற சிறு சக்கரங்களை வைத்துத் தருகிறேன் என்று பட்டறைக்காரர் சொன்னால் உடன்படாதீர்கள்.

குடங்களின் பாரம் அச்சின் நேர்மேலே அமர வேண்டும். முன்னால் சாய்ந்தாலும் பின்னால் சாய்ந்தாலும் அந்தப் பாரம் கைக்கு வரும். கைப்பிடி, தள்ளுபவளின் முழங்கை உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். வீட்டு ஆண்மகனின் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்த வண்டியைப் பன்னிரண்டு வயதுச் சிறுமி தோள் உயர்த்தித் தள்ளுவதைப் பார்க்கையில் மனம் பொறுப்பதில்லை. நிறுத்திவைக்க ஒரு தாங்குகால் வேண்டும். குடத்து நீர் தளும்பாமலிருக்க நம் பாட்டிமார் வேப்பங்கொத்தையோ ஓலைத் துண்டையோ மேலே மிதக்கவிட்டார்களே, அந்த உபாயம் வண்டிக்கும் பொருந்தும்.

இன்னொரு நன்மையும் கண்டேன். தலையில் குடம் ஏற்றக் கூசும் ஆண்பிள்ளைகளில் சிலர், சக்கரம் வந்தபின் வண்டியைத் தள்ளக் கூசுவதில்லை. இருசக்கர வாகனத்தில் குடங்களைக் கட்டிக்கொண்டு செல்லும் தந்தையரையும் இன்று காண்கிறோம். சுமை குறைந்தது ஒருபுறமிருக்க, அது பங்கிடவும் படுகிறது.

தென்னாப்பிரிக்காவில் 1991-இல் இருவர் இதே துன்பத்துக்கு வேறு வழி கண்டனர். தொண்ணூறு லிட்டர் கொள்ளும் உருளைப் பீப்பாயைத் தரையிலேயே உருட்டிச் செல்லும் கருவி அது. ‘ஹிப்போ ரோலர்’ என்பது அதன் பெயர். தண்ணீரே சக்கரமாகிவிடுவதால் மணலிலும் கரட்டு நிலத்திலும் நன்றாக உருளும். மெச்சத்தக்க சிந்தனைதான். ஆயினும் நமக்கு எதுவென்று கேட்டால் நான் குடவண்டியையே சொல்வேன். தொண்ணூறு கிலோ பீப்பாயை வீட்டுப் படியில் யார் ஏற்றுவது? வண்டியிலிருந்து குடங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுப்படிக்குக் கொண்டுபோகலாம். பீப்பாய் விரிசல் கண்டால் அவ்வளவுதான். குடம் ஒன்று உடைந்தால் மற்ற ஏழும் இருக்கின்றன.

இனி, துருவைப் பற்றி ஒரு வார்த்தை. உப்புப் படலம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் தன்மையது. மழையே இல்லாவிடினும் இரும்பு நனைந்தபடியே கிடக்கிறது. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில், கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை இட்டதும், இணைப்புகளை முற்றிலும் பற்றவைத்ததும், உயர்தரப் பூச்சுப் பூசியதும் இந்தப் பகையை எண்ணித்தான். அந்த யுக்தியைத் தண்ணீர் வண்டிக்கும் கொள்ளலாம். போல்ட்டு முடுக்கிய இணைப்பின் இடுக்கில் உப்புநீர் தங்கும். ஆதலின் இடைவெளியின்றிப் பற்றவைக்கச் சொல்லுங்கள். ரெட் ஆக்சைடு இருகை, அதன்மேல் எனாமல் இருகை பூசுங்கள். குழாய்க் கம்பியில் செய்வதானால் திறந்த முனைகளை அடைத்துவிட வேண்டும். இல்லையேல் உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். அச்சுக்கு மாதம் ஒருமுறை கிரீஸ் இடுங்கள். இத்தனைக்கும் ஆகும் செலவு புது வண்டியின் விலையில் மிகச் சிறிய பங்கே.

தண்ணீர் எடுக்கும் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தனுஷ்கோடி மணலில் கையால் குழி தோண்டி, ஊறி வரும் நீரைச் சிரட்டையால் முகந்து குடத்தில் நிரப்புவதைப் பார்த்திருப்பீர்கள். கடலுக்கு இத்தனை அருகில் நன்னீர் எப்படி? மணலில் இறங்கிய மழைநீர், எடை மிகுந்த உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பதை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரரான கீபனும், 1901-இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கணித்தனர். இதன் மறுபக்கம் அச்சம் தருவது. மேலே ஓர் அடி குறைந்தால், நாளடைவில் கீழிருந்து நாற்பது அடி உப்பு ஏறும். சிரட்டை மேல்நீரை மட்டும் சிறுகச் சிறுக வழிக்கிறது. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரோ ஒரு நாழிகையில் உப்பைக் கூப்பிட்டுவிடும். ஒரு வீட்டின் மோட்டார் பக்கத்து வீட்டுக் கிணற்றையும் கெடுக்கும். கரையோரத்தில் குதிரைத்திறன் மிகுந்த மோட்டார் வாங்குவது பெருமைக்குரிய செயல் என்று என்னால் சொல்ல இயலவில்லை.

மோட்டார் ஏற்கெனவே இருக்குமானால், அதற்குக் காவலாக ஒரு சிறு கருவி உண்டு. பேனா அளவே உள்ள உப்பளவி அது, கடையில் ‘டி.டி.எஸ். மீட்டர்’ என்று கேட்டால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். தண்ணீரில் முனையை நனைத்தால் ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு முதலியன கரைந்துள்ளன என்பதை எண்ணாகக் காட்டும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீருக்கு 500 வரை ஏற்புடையது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம். கடல்நீர் ஏறத்தாழ 35,000. மோட்டாரை ஓட்டிய தொடக்கத்தில் ஒருமுறையும் அரைமணி கழித்து ஒருமுறையும் அளந்து பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்திவிடுங்கள். கிணறு சற்று இளைப்பாறட்டும்.

எதிர்மறைச் சவ்வூடு முறையில் இயங்கும் ‘ஆர்.ஓ.’ சுத்திகரிப்பானை வாங்கலாமா என்பதையும் இதே பேனா சொல்லிவிடும். குழாய் நீர் 500-க்குக் குறைவாக இருந்தால் அது வேண்டுவதேயில்லை. அத்தகைய இடங்களில் அதைத் தடைசெய்ய விதி வகுக்குமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019-இல் அரசுக்கு உத்தரவிட்டது. வீட்டுக் கருவிகள் பல, ஒரு லிட்டரைத் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றுகின்றன. எட்டுக் குடம் தள்ளி வந்து ஐந்து குடத்தைச் சாக்கடையில் விடுவது எந்தக் கணக்கில் சேரும்? ஆனால் ஓர் எச்சரிக்கை: உப்பளவி கிருமியைக் காட்டாது. எண் குறைவென்று காய்ச்சாமல் குடிக்கலாகாது. விறகும் எரிவாயுவும் குறைந்த நாளில், தெளிந்த நீரை நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி முழு வெயிலில் ஆறு மணி நேரம் படுக்கவைத்தால் கிருமிகள் பெரும்பாலும் மடியும். மேகமூட்டமானால் இரண்டு நாள் வேண்டும். பெய்ரூட் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்ட இம்முறையை யூனிசெப் 1984-இல் நூலாக வெளியிட்டது. கலங்கல் நீருக்கு இது பலிக்காது; முதலில் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் இழைத்துத் தெளியவைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்கு வருவோம். தங்கச்சிமடத்து மல்லிகைப் பதியன்கள் பிற மாநிலங்களுக்கும் போகின்றன. ஆனால் அந்த மணலில் வாளியால் ஊற்றும் நீர் வேருக்கு எட்டுமுன் கீழே ஓடிவிடும். இதற்கு மண்பானையைவிட மலிவான கருவி வேறில்லை. ஐந்து முதல் எட்டு லிட்டர் கொள்ளும் பானையைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவிடுங்கள். பானைச் சுவரின் நுண்துளை வழியே, மண் காய்ந்த அளவுக்கே நீர் கசியும். சீனத்தார் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்த முறை இது. 1970-களில் அரியானாவின் கர்னால் உவர்மண் ஆராய்ச்சி நிலையத்தார் இதைச் சோதித்து, ஓரளவு உவர்ப்பான நீரையும் இவ்வழியில் காய்கறிக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டனர். அது நமக்கு எத்துணை பெரிய செய்தி!

மானாமதுரைப் பானைகள் இரயிலிலேயே வந்து சேரும் தொலைவில் இருக்கின்றன. வர்ணம் பூசியதை வாங்காதீர்கள். அதில் நீர் கசியாது. நீர் ஊற்றி ஓர் இரவு வைத்து, மறுநாள் வெளிப்புறம் ஈரம் பூத்திருந்தால் அதுவே நல்ல பானை. மணலில் ஈரம் பக்கவாட்டில் அதிகம் பரவாது; ஆகவே பாகல், சுரை, பூசணி விதைகளைப் பானைக்கு மிக அருகில், அரைச் சாண் தள்ளி ஊன்றுங்கள். சுற்றிலும் கண்மாய் வண்டலையும் தொழுவுரத்தையும் கலந்தால் இன்னும் நலம். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். சோப்பு கலந்த நீரை ஊற்றினால் துளைகள் அடைபடும். மூடி இல்லையேல் கொசு குடியேறும்.

பிரயாணத்துக்குக் கூஜாவின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. திருகுமூடியும் கைப்பிடியும் கொண்ட அந்தப் பாத்திரத்தைப் பரணிலிருந்து இறக்கி ஓரியூருக்கோ வேளாங்கண்ணிக்கோ கொண்டுபோவதானால் மூடியின் ரப்பர் வளையத்தை மட்டும் மாற்றிவிடுங்கள். படகுப் பயணத்துக்கோ, குறிப்பாகக் கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவுக்குச் செல்வோருக்கோ, பத்து லிட்டர் பிளாஸ்டிக் கேனே உசிதம். போகும்போது குடிநீர், திரும்பும்போது வெற்றுக் கேன். வெற்றுக் கேனை இறுக மூடினால் அது ஏறத்தாழ பத்துக் கிலோவைத் தாங்கும் மிதவை. நீரில் விழுந்தவரின் தலை மேலே நிற்பதற்கு நான்கைந்து கிலோ தாங்கும் விசையே போதுமாதலால், பற்றிக்கொள்ள அது உதவும். உயிர்காப்புச் சட்டைக்கு அது ஈடாகாது. சட்டையை அணிந்த பின்னரே கேனை எண்ணுங்கள். டீசல் வைத்திருந்த கேனை எத்தனை முறை கழுவினாலும் குடிநீருக்கு எடுக்காதீர்கள். இரண்டும் ஒரே வடிவில் இருப்பதால் குடிநீர்க் கேனில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு சிலுவைக் குறியோ வளையமோ இட்டுவிடலாம். கேனின் மூடியை ஒரு நைலான் நூலால் கைப்பிடியோடு கட்டிவையுங்கள். மூடி தொலைந்த கேன் மிதக்காது.