இருபத்தொரு நாட்களின் உரிமை

தமிழ் மக்களின் உரிமைகள் பாராளுமன்றத்தில் மட்டுமே பறிபோகின்றன என்று எண்ணுவது தவறு. வீட்டுத் திண்ணையில் விரிக்கப்பட்ட ஓர் அச்சுத் தாளின் அடியில் இடப்படும் கையொப்பத்தினாலும் அவை பறிபோகின்றன. அவ்வாறு நம்மவர் கைநழுவ விடும் ஒரு சிறு உரிமையைப் பற்றியே இவ்வாரம் எழுத முற்படுகின்றோம். சிறு உரிமை என்றோம். இழந்தவனுக்கு அது சிறிதன்று.

எமது மாவட்டத்தின் வயற்புறக் கிராமமொன்றிலிருந்து ஒரு கமக்காரர் எம்மை நாடி வந்தார். பெரும்போக வேளாண்மை வெட்டி, சூடடித்து, நெல் விற்ற காசு கையில் இருந்த நேரம் பார்த்து, உறவுமுறையான ஓர் இளைஞர் அவர் வீட்டுக்குச் சென்றிருக்கின்றார். அவர் ஒரு காப்புறுதி முகவர். “மாமா, இது வங்கியில் போடுவதைப் போலத்தான், வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளலாம்” என்று சொல்லியிருக்கின்றார். மாமாவும் கையொப்பமிட்டு, அரையாண்டுக் கட்டுப்பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டார். சில நாட்களில் தபாலில் தடித்த உறையொன்று வந்தது. உள்ளே இருந்தது ஆங்கிலம். உறை அலுமாரிக்குள் போயிற்று. அடுத்த தவணையைக் கேட்டு அறிவித்தல் வந்தபோது அவர் விதைப்புக்கான உழவு கூலிக்கு வழி தேடிக்கொண்டிருந்தார். அப்பொழுதுதான் போட்ட பணத்தை எடுக்கலாம் என்று கிளைக் காரியாலயத்துக்குச் சென்றார். அது சேமிப்பு அன்று, 20 வருட ஆயுட் காப்புறுதி என்பதும், இடையில் விட்டால் கட்டியது திரும்பாது என்பதும் அங்கேதான் அவருக்குத் தெரிய வந்தன.

அந்த உறையைப் பிரித்துப் படித்தோம். அவருடைய பணத்தை அவருக்கே மீட்டுக் கொடுத்திருக்கக்கூடிய வாசகம் அதற்குள்ளேயே இருந்தது. ஆனால் அதற்குரிய நாட்கள் கடந்து மாதங்கள் ஆகியிருந்தன.

அந்த வாசகம் யாது? இன்று இலங்கையில் விற்கப்படும் ஆயுட் காப்புறுதிக்கு 21 நாள் மீள்பரிசீலனைக் காலம் ஒன்று உண்டு. பத்திரம் கையில் கிடைத்த பின்னர் அதனைப் படித்துப் பார்த்து, நிபந்தனைகள் தமக்கு ஒவ்வாதவை என்று கருதும் ஒருவர், அந்த அவகாசத்துக்குள் எழுத்து மூலம் அறிவித்துப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தால், ஒப்பந்தம் இரத்தாகும். கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். மருத்துவப் பரிசோதனை போன்றவற்றுக்குக் கம்பனி செய்த செலவு மட்டும் கழிக்கப்படலாம். முகவரிடம் மன்றாடத் தேவையில்லை. அது சலுகையன்று; உரிமை.

இத்தகைய உரிமை ஏன் தேவைப்பட்டது? இந்நாட்டின் சட்ட வரலாற்றைச் சற்று நோக்குவோம். ஆயுட் காப்புறுதி பற்றிய வழக்குகளில் இங்கிலாந்துச் சட்டமே இங்கும் செல்லும் என்று 1866 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. அந்த ஆங்கிலச் சட்டத்திலே கையொப்பம் என்பது கடுமையான பொருள். ஒருவன் தான் கையொப்பமிட்ட பத்திரத்தைப் படித்தானோ இல்லையோ, அதனால் அவன் கட்டுண்டவனே என்பதை 1934 இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட லெஸ்ட்ரேஞ் எதிர் கிராகொப் என்னும் வழக்கு உறுதிசெய்தது. வஞ்சனையோ பொய்யுரையோ இருந்ததென நிரூபித்தால் விலக்குண்டு. ஆனால் திண்ணையில் முகவர் சொன்னதை நிரூபிப்பது எவ்வாறு? சொன்னவர் மறுப்பார், கேட்டவருக்குச் சாட்சி இராது, கையொப்பமோ கண்ணெதிரே கிடக்கும். இந்த அநீதியை உணர்ந்தே பல நாடுகள், காரணம் கேளாமலே விலக இடமளிக்கும் குறுகிய அவகாசம் ஒன்றை ஏற்படுத்தின. இந்தியாவில் முன்னர் பொதுவாக 15 நாட்களாக இருந்த அவகாசம் 2024 இல் 30 நாட்களாக உயர்த்தப்பட்டது. இங்கிலாந்திலும் ஆயுட் காப்புறுதிக்கு 30 நாட்கள் உண்டு.

நமது நாட்டில் ஆயுட் காப்புறுதி ஒரு காலத்தில் அரசாங்கத்தின் தனியுரிமையாக இருந்தது. 1961 ஆம் ஆண்டின் சட்டத்தினால் அமைக்கப்பட்ட இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் 1962 இல் அத்தொழிலை ஏற்றது. தனியார் கம்பனிகளுக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டது 1980 களின் பிற்பகுதியில். போட்டி வந்தது, போட்டியோடு நன்மையும் வந்தது, முகவர் பெருக்கமும் வந்தது. 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தினால் தொழிலை மேற்பார்வை செய்ய ஒரு சபை அமைக்கப்பட்டது. இன்று அது இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு என வழங்குகின்றது.

முகவரை மட்டும் பழிப்பது எமது நோக்கமன்று. அவர்களிற் பலர் வேலையற்றிருந்த நம் பிள்ளைகள். குற்றம் அமைப்பில் இருக்கின்றது. முதல் வருடக் கட்டுப்பணத்தின் கணிசமான பங்கு தரகுக்கும் விற்பனைச் செலவுக்கும் போய்விடுகின்றது. ஆகவேதான் ஆரம்ப வருடங்களில் பத்திரத்தை ஒப்படைத்தால் கையில் கிடைப்பது ஒன்றுமில்லை, அல்லது அற்பம். முகவருக்கு ஊதியம் விற்பதில். வாங்குபவருக்குப் பயன் தொடர்ந்து கட்டுவதில். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் விழுபவர், மாதச் சம்பளம் இல்லாதவர். துறைமுகத்திலோ மா ஆலையிலோ சீமெந்து ஆலையிலோ நிரந்தர வேலையுள்ளவருக்குத் தவணை ஒரு பாரமன்று. நிலாவெளியிலும் குச்சவெளியிலும் வாடைக்காற்று மாதங்களில் தோணி இறக்க முடியாத கடற்றொழிலாளிக்கும், மழையையும் குளத்தையும் நம்பியிருக்கும் தம்பலகாமத்துக் கமக்காரருக்கும் வருமானம் ஒழுங்காக வருவதில்லை. தவணை மாத்திரம் ஒழுங்காக வரும்.

கம்பனிகளின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. அவகாசம் நீண்டால், அந்நாட்களில் இலவசமாகப் பாதுகாப்பைப் பெற்றுவிட்டு விலகிவிடுவார்கள் என்பர். பத்திரம் தயாரிக்கச் செலவுண்டு என்பர். முதலாவதற்கு இந்தியாவின் விதியிலேயே விடை இருக்கின்றது: பாதுகாப்பு நிலவிய நாட்களுக்குரிய விகிதாசாரப் பணத்தையும், மருத்துவப் பரிசோதனைச் செலவையும், முத்திரைச் செலவையும் கழித்துக்கொண்டு மிகுதியைக் கொடுக்கலாம் என்று அது கூறுகின்றது. இரண்டாவதற்கு நாம் சொல்லக்கூடியது இது: விளங்கி வாங்கியவர் விலகமாட்டார். விலகுவோர் தொகை பெருகினால் அது விற்ற முறையின் குற்றமேயன்றி அவகாசத்தின் குற்றமன்று.

இனி, மொழி. 1956 ஆம் ஆண்டு சிங்களம் மட்டும் என்ற சட்டம் நிறைவேறியபோது, அவ்வாண்டு ஆகத்திலே தமிழரசுக் கட்சியின் மகாநாடு கூடியது இதே திருகோணமலையில். தமிழ் மகன் ஒருவன் அரச கருமத்தைத் தன் மொழியிலேயே ஆற்ற வேண்டும் என்ற கோரிக்கை இம்மண்ணிலிருந்து ஓங்கி ஒலித்தது. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழி என்று கூறிற்று. கூறியது எவ்வளவு தூரம் நடைமுறைக்கு வந்தது என்பதை எந்தக் கச்சேரிக்குச் செல்பவரும் அறிவார். ஆனால் அரசகரும மொழி என்பது அரசின் கருமங்களுக்கே. ஒரு மனிதனின் இருபது வருடச் சேமிப்பை ஏற்கும் தனியார் கம்பனி எம்மொழியில் எழுதுகின்றது என்பதை நாம் இதுவரை மொழியுரிமைப் பிரச்சினையாகக் கருதியதில்லை. கருத வேண்டிய காலம் வந்துவிட்டது. விற்கும்போது தமிழ், எழுதும்போது ஆங்கிலம் என்பது என்ன நியாயம்? வாங்குபவருக்கு விளங்காத மொழியில் அச்சிடப்பட்ட உரிமை பூட்டிய பெட்டிக்குள் வைத்த பொன்னை ஒத்தது.

ஆகவே நாம் மூன்றைக் கோருகின்றோம். முதலாவது, 21 நாள் உரிமை பற்றிய அறிவித்தல் பத்திரத்தின் முதற் பக்கத்தில், பெரிய எழுத்தில், வாங்குபவரின் மொழியில் இருத்தல் வேண்டும். விலகுவதற்கான ஒரு பக்கப் படிவமும் கூடவே இணைக்கப்பட வேண்டும். இரண்டாவது, பத்திரத்தை வாங்கியவரின் கையொப்பமும் திகதியும் பெறப்பட்டு, நாட்கள் அத்திகதியிலிருந்தே எண்ணப்பட வேண்டும். முகவரின் பைக்குள் பத்திரம் உறங்கிய நாட்கள் வாங்கியவரின் கணக்கில் சேரலாகாது. மூன்றாவது, இந்தியாவைப் பின்பற்றி அவகாசம் 30 நாட்களாக நீட்டப்பட வேண்டும். இம்மூன்றையும் ஆணைக்குழுவின் முன் வைப்பது வடக்கு கிழக்குப் பாராளுமன்ற உறுப்பினர்களின் கடமை.

கோரிக்கை நிறைவேறும்வரை வாசகர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. விண்ணப்பப் படிவத்தில் விருப்ப மொழி கேட்கப்பட்டிருந்தால் “தமிழ்” என்று எழுதுங்கள். கேட்கப்படாவிடின் கேட்டு வாங்குங்கள். வெற்றுப் படிவத்தில் கையொப்பமிடாதீர்கள். நோய் விபரங்களை மறையாமல் நீங்களே எழுதுவியுங்கள். மறைத்த விபரம் இறந்த பின்னர் மனைவி மக்களின் கோரிக்கையை முறிக்கும். பத்திரம் வந்த உறையின் மேல், வந்த திகதியை உடனே குறித்து வையுங்கள். அன்றிரவே மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள்: எத்தனை வருடம் கட்ட வேண்டும்? இடையில் விட்டால் என்ன கிடைக்கும்? எந்தச் சந்தர்ப்பத்தில் பணம் மறுக்கப்படும்? முகவர் சொன்னதும் பத்திரம் சொல்வதும் மாறுபட்டால், சொன்னதை மறந்துவிட்டுப் பத்திரத்தை நம்புங்கள்.

விலக முடிவு செய்தால் முகவரிடம் வாயால் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். “அடுத்த கிழமை வருகிறேன்” என்ற வார்த்தையிலேயே பலருடைய 21 நாட்கள் கரைந்து போகின்றன. பத்திர இலக்கத்தையும் பெயரையும் குறிப்பிட்டு, மீள்பரிசீலனைக் காலத்துக்குள் ஒப்பந்தத்தை இரத்துச் செய்வதாகவும் கட்டிய பணத்தைத் திருப்பித் தருமாறும் நான்கு வரியில் எழுதினாற் போதும். கடிதத்தைக் கிளைக் காரியாலயத்தில் கொடுத்துப் பிரதியில் முத்திரை பெறுங்கள். அல்லது தலைமைக் காரியாலயத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பேணுங்கள். கம்பனி மறுத்தால் ஆணைக்குழுவுக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கும் முறையிடலாம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். காப்புறுதியே தீது என்று நாம் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி இக்கரையை விழுங்கிய கடல், உழைப்பவனை இழந்த குடும்பம் எவ்வளவு விரைவில் நடுத்தெருவுக்கு வரும் என்பதை நமக்குக் காட்டியது. யுத்தமும் அதையே காட்டியது. சிறு பிள்ளைகளை உடைய தகப்பனுக்கு, தாங்கக்கூடிய தவணையில் ஓர் ஆயுட் காப்புறுதி இருப்பது நன்று. கோபத்தில் பத்திரத்தைத் திருப்புமுன், அதற்கு ஈடாக வேறு பாதுகாப்பு உண்டா, வயதும் உடல்நிலையும் மீண்டும் ஒன்றைப் பெற இடந்தருமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். திரும்பப் பெறும் உரிமை அவசரத்துக்காக அன்று, நிதானத்துக்காகவே தரப்பட்டது.

இறுதியாக, படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் இளைப்பாறிய எழுதுவினைஞர்களும் நம் மாவட்டத்தில் குறைவில்லை. மாதம் ஒரு முறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிராமத்துச் சனசமூக நிலையத்திலோ கமக்காரர் அமைப்பின் மண்டபத்திலோ இரண்டு மணி நேரம் அமர்ந்து, மக்கள் கொண்டுவரும் பத்திரங்களைப் படித்துச் சொன்னால் என்ன? இதற்குப் பாராளுமன்றத்தின் அனுமதி வேண்டாம், பணமும் வேண்டாம். உரிமைக்காகப் போராடும் இனம், கையில் இருக்கும் உரிமையைப் படித்தறியவும் கற்க வேண்டும்.

எம்மிடம் வந்த கமக்காரருக்கு நாம் எழுதிக் கொடுத்த முறைப்பாடு போயிருக்கின்றது. முடிவு என்னவாகும் என்று உறுதி கூற எம்மால் இயலவில்லை. ஆனால் அந்த உறை வந்த அன்றே அதனைப் படித்துச் சொல்ல ஒருவர் அவ்வூரில் இருந்திருந்தால், எம்மிடம் வர வேண்டிய தேவையே அவருக்கு எழுந்திராது. உங்கள் வீட்டு அலுமாரியிலும் பிரிக்கப்படாத உறை ஒன்று கிடக்கலாம். இன்றே எடுத்துத் திகதியைப் பாருங்கள்.