அடகு போன வளையல்

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பகுதிகளில் தொழிற்சாலை வேலையை நம்பிக் குடியேறிய நம்மவர் குடும்பங்கள், பள்ளி விடுமுறை வந்ததும் வேன் பிடித்து இராமேசுவரம் புறப்படுவது இன்று வழக்கமாகிவிட்டது. நாமும் போய்வந்தோம். மர்ஹூம் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் 2015 ஜூலை 30 அன்று நல்லடக்கம் செய்யப்பட்ட பேய்க்கரும்பில், இரண்டாண்டுகளுக்குப் பின் எழுந்த நினைவகத்தைக் கண்டோம். கட்டணம் எதுவுமின்றி உள்ளே விடுகிறார்கள். ஏவுகணைகளின் மாதிரிகள், ஓவியங்கள், சிலைகள். அங்கிருந்து பள்ளிவாசல் தெருவிலுள்ள அவர்தம் இல்லத்துக்கும் சென்று, மாடியில் வைத்திருக்கும் சிறிய காட்சிக்கூடத்தையும் பார்த்தோம். குறுகலான தெரு, சாதாரணமான வீடு. நம் மக்கள் கண்கலங்கி நின்றார்கள். தர்கா ஸியாரத்துக்குப் போய்வந்த முகத்தோடு வேனில் ஏறினார்கள்.

ஏறிய உடனே வாக்குவாதம் தொடங்கியது. 2017இல் நினைவகம் திறக்கப்பட்டபோது, வீணை மீட்டும் சிலையருகே பகவத்கீதை வைக்கப்பட்டதும், அதன்மேல் எதிர்ப்பு எழ, உறவினர் குர்ஆனையும் பைபிளையும் கொண்டுவந்து வைத்ததும், அதற்கும் வேறொரு சாரார் கூச்சலிட்டதும் நாடறிந்த செய்தி. அந்தப் பழங்கதையை வழிநெடுகப் பேசினார்கள். ஒருவர், கீதை படித்தவர் நமக்கு எப்படி முன்மாதிரியாவார் என்றார். மற்றொருவர், குடியரசுத் தலைவர் நாற்காலியில் நம் சமுதாயத்தவர் அமர்ந்தாரே, அந்தப் பெருமை போதாதா என்றார். ஒருவர் கலாமின் ஈமானை நிறுத்துப் பார்க்கிறார், மற்றவர் கலாமின் படத்தைக் கடையில் மாட்டி வைக்கிறார். இருவருக்கும் இதில் செலவு ஒன்றுமில்லை. நம் சினமெல்லாம் இவ்விருவர் மீதுந்தான்.

அந்தக் கூடங்களில் நம் கண்கள் தேடியது ஏவுகணையையன்று. இரண்டு தங்க வளையல்களையும் ஒரு சங்கிலியையும் தேடினோம். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்த இளைஞர் கலாமுக்குக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. படகோட்டித் தொழில் செய்த தந்தை ஜைனுலாப்தீன் மரைக்காயரிடம் அவ்வளவு பணமில்லை. அப்போது அக்காள் ஜொஹரா தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். 'அக்னிச் சிறகுகள்' நூலில் கலாமே இதை எழுதியிருக்கிறார். தம் சொந்தச் சம்பாத்தியத்தில் அவற்றை மீட்பேன் என்று உறுதி பூண்டதையும், உதவித்தொகை பெறவேண்டுமென்று இரவு பகலாகப் படித்ததையும் அதே நூலில் காணலாம். 1980 ஜூலை 18 அன்று ரோகிணியைச் சுமந்து விண்ணேறிய எஸ்.எல்.வி.–3க்கு முதற்படி அமைத்தது அந்த வளையல்தான் என்று சொன்னால் மிகையாகுமா?

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அந்த எம்.ஐ.டி.யே 1949இல் சி. ராஜம் என்பவர் தம் மாளிகையை விற்றுத் தொடங்கிய கல்விக்கூடம். ஒருவர் வீட்டை விற்றார், ஒருத்தி வளையலை வைத்தார். நடுவில் நின்று படித்தவர்தான் பின்னாளில் பாரத ரத்னா.

இப்போது நம் இல்லங்களைப் பார்ப்போம். மகளின் நிக்காஹுக்கென்று பிறந்த நாளிலிருந்தே பவுன் சேர்க்கிறோம். மஹர் பெண்ணின் உரிமை என்று மேடையில் முழங்கிவிட்டு, கைக்கூலியைக் கொல்லைப்புற வழியாக வாங்குகிறோம். அதற்காக நகை அடகுக்குப் போகிறது, நிலம் கைமாறுகிறது, எவரும் முணுமுணுப்பதில்லை. அதே மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிப் பொறியியல் படிக்கக் கேட்டால் மட்டும் வாப்பாவுக்கு வறுமை நினைவுக்கு வந்துவிடுகிறது!

வட்டிக்கு அடகு வைப்பது ஹராமாயிற்றே என்பார்கள். வட்டி ஹராம்தான், மறுப்பாரில்லை. ஆனால் அடகு ஹராமன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் கவசத்தை ஒரு யூதரிடம் அடகு வைத்து வாற்கோதுமை பெற்றதை அறியாதவர் நம்மில் உண்டா? வட்டியில்லாக் கடன் தரும் பைத்துல்மால்கள் பல ஊர்களில் நடக்கின்றன. அந்தப் பணத்தில் கல்விக்கென்று எவ்வளவு ஒதுக்குகிறோம் என்பதே கேள்வி. கல்யாணச் செலவுக்கு மார்வாடிக் கடை ஏறும்போது நினைவுக்கு வராத மார்க்கம், கல்லூரிக் கட்டணத்தின்போது மட்டும் ஏன் குறுக்கே வந்து நிற்கிறது?

வேறு சிலர், ஒரகடத்தில் வேலைக்கு ஐ.டி.ஐ. போதுமே, பட்டம் எதற்கு என்கிறார்கள். ஐ.டி.ஐ. தாழ்ந்த படிப்பன்று, கைத்தொழிலை நாம் இழிவாகப் பேசவுமில்லை. ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டபோது நேர்ந்ததை நாம் மறக்கலாமா? ஒரே வரிசையில் நின்று ஒரே வேலையை மட்டும் பழகிய ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் வேறிடம் தேடி அலைந்தார்கள். ஆலை போனாலும் கையோடு போகாத கல்வி வேண்டும். இதே வட்டாரத்தில் கார் ஓடுகிறது, மோட்டார் சைக்கிள் ஓடுகிறது, அவற்றை வடிவமைக்கும் மேசையில் நம் பிள்ளைகளில் எத்தனை பேர்?

அரசு செய்யவில்லை என்ற குறை நமக்குமுண்டு. மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை 2022இல் ஒன்றிய அரசு நிறுத்தியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர் உதவித்தொகையும் அதே ஆண்டில் நின்றது. அநீதியை அநீதி என்றே சொல்வோம். ஆயினும் கலாம் பதவி விட்டிறங்கிய அதே 2007இல் தமிழக அரசு நமக்கு வழங்கிய 3.5 விழுக்காட்டுத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஒரகடத்திலிருந்து ஒரே சாலையில் வண்டலூர் சென்றால், கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் 1984இல் நிறுவிய கிரஸண்ட் இருக்கிறது. அதற்கப்பால் குரோம்பேட்டை. இடங்கள் தொலைவில் இல்லை.

எங்கள் வேனில் ஒரு பெண் இருந்தாள். பிளஸ் டூ முடித்தவள். பள்ளிவாசல் தெரு வீட்டு மாடியில் எல்லாவற்றையும் படித்துப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். திரும்பும் வழியில் அவள் உம்மா பக்கத்து இருக்கைக்காரரிடம் மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் பவுனைக் கணக்கிட்டுக்கொண்டு வந்தார். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி ஒரகடம் நெருங்கியபோது விடிந்துவிட்டது. முதல் ஷிப்டுக்கு ஆளேற்றிய கம்பெனிப் பேருந்துகள் எதிரே வரிசையாக வந்தன. அந்தப் பெண் கேட்டாள்: "உம்மா, ஜொஹரா மாமியோட வளையலை எவ்வளவுக்கு வச்சிருப்பாங்க?"

உம்மா கணக்கை நிறுத்தவில்லை. நம் மஹல்லா ஜமாஅத்துகளிடம் நாம் கேட்பது ஒன்றே. நிக்காஹ் தஃப்தரில் மஹர் எழுதும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், மணமகளின் படிப்புக்குப் பெற்றோர் செலவிட்ட தொகையையும் எழுதுங்கள். இந்த ஷவ்வாலிலேயே தொடங்கலாம்.