துணைக்குச் செல்பவரின் உறக்கமும் சிகிச்சையின் ஒரு பகுதியே

பெருநகர மருத்துவமனைக்குச் செல்லுமாறு மருத்துவர் எழுதித் தரும் சீட்டைப் பெற்றுக்கொண்டு வெளியே வரும் குடும்பத்தினர், இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கின்றனர். எவ்வளவு செலவாகும் என்பது ஒன்று. யார் துணைக்குச் செல்வது என்பது மற்றொன்று. எங்கே தங்குவது என்ற மூன்றாவது கேள்வியை ஏறத்தாழ எவரும் கேட்பதில்லை. அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். அவ்வாறு விட்டுவிட்டவர்களுள் நானும் ஒருவன்.

என் மனைவிக்கு ஸ்கேன் பரிசோதனை செய்வதற்காகப் பெங்களூருக்குச் சென்றோம். ஓசூர், எலெக்ட்ரானிக் சிட்டி, மடிவாளா வழியாகப் பேருந்து நகருக்குள் நுழைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கண்ணில் பட்ட விடுதிகளில் மிகக் குறைந்த வாடகை கேட்டதைத் தேர்ந்தெடுத்தேன். நாளொன்றுக்கு 700 ரூபாய், இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. படிகளில் மூன்று இடங்களில் அவர் அமர்ந்து அமர்ந்து ஏறினார். சாலையின் இரைச்சலிலும் கொசுக்கடியிலும் இரவு முழுவதும் இருவருக்கும் உறக்கமில்லை. விடியற்காலையில், பசித்திருப்பாரே என்று நான் இட்லி வாங்கிவந்து கொடுத்தேன். பரிசோதனைக்கு முன் ஆறு மணி நேரம் எதுவும் உண்ணக் கூடாது என்று எழுதித் தந்த தாள் என் சட்டைப் பையிலேயே இருந்தது. உறங்காத கண்களுக்கு அந்த நினைவே வரவில்லை. பரிசோதனை தள்ளிப்போயிற்று, மருத்துவரைக் காணும் நாளும் தள்ளிப்போயிற்று. ஊருக்குத் திரும்பி, நான்கு நாட்கள் கழித்து மீண்டும் புறப்பட்டோம்.

இரண்டாம் முறை, வணிகர்களும் நிறுவன ஊழியர்களும் தங்கும் நடுத்தர விடுதி ஒன்றில் 1,800 ரூபாய் வாடகையில் தங்கினோம். ஆடம்பரம் எதுவும் அங்கில்லை. வெளுத்த விரிப்பு, வெந்நீர், லிஃப்ட், இரவிலும் வரவேற்பு மேசையில் ஓர் ஆள்; அவ்வளவே. இருவரும் உறங்கினோம். மறுநாள் மருத்துவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் மனத்தில் பதிந்தது. முதல் பயணத்தில் இரண்டு இரவுகளுக்கு நான் மிச்சம் பிடித்தது 2,200 ரூபாய். அதற்கு விலையாகப் போனவை இன்னொரு பயணச் செலவும், நோயுற்றவர் அச்சத்தோடு கழித்த நான்கு நாட்களும்.

ஆகவே என் கருத்து இதுதான்: வெளியூர்ச் சிகிச்சைக்குச் செல்வோர் அறை வாடகையை வீண்செலவாக எண்ணலாகாது; அதனை மருந்துச் செலவோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். மருத்துவரின் சொற்களைக் கேட்பவரும், கையொப்பமிடுபவரும், வேளைதோறும் மாத்திரை கொடுப்பவரும் துணைக்கு வந்தவரே. அவர் தளர்ந்தால் சிகிச்சையும் தளர்கிறது.

இஃது ஒன்றும் புதிய எண்ணமன்று. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-ஆம் ஆண்டில் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதமொன்றில், தம் நாட்டுச் சத்திரங்களைப் பற்றி விரித்துரைத்துள்ளார். வழிப்போக்கர் எவரேனும் நோயுற்றால் சத்திரத்திலேயே மருத்துவரும் மருந்தும் பத்திய உணவும் அளிக்கப்பட்டன. பிள்ளை பெற்ற பெண்கள் உடல் தேறும்வரை தங்கியிருக்க வழி செய்யப்பட்டது. தங்குமிடமும் மருத்துவமும் ஒரே அறத்தின் இரு கைகள் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இன்று சத்திரத்தின் இடத்தில் விடுதி நிற்கிறது. பணம் கொடுத்துத் தங்குகிறோம் என்பதால், நமக்கு வேண்டியதைக் கேட்டுப் பெறும் கடமையும் நம்முடையதாகிறது.

எதைக் கேட்பது? ஊரிலிருந்து புறப்படுவதற்கு முன்பே தொலைபேசியில் கேளுங்கள். லிஃப்ட் உண்டா, அல்லது தரைத்தளத்தில் அறை கிடைக்குமா? கழிப்பறை மேற்கத்திய முறையிலானதா? குளிக்கும்போது அமர நாற்காலி தருவார்களா? இன்சுலின் போன்ற மருந்துகளை வைக்கக் குளிர்சாதனப் பெட்டி உண்டா? கஞ்சியோ இட்லியோ அறைக்கு வருமா? வாடகை நாள் எப்போது முடிகிறது என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். சில விடுதிகளில் வந்து சேர்ந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். சிலவற்றில் எப்போது வந்தாலும் மறுநாள் நண்பகல் 12 மணி. மாலையில் சென்று சேர்பவருக்கு இந்த வேறுபாடு வாடகையில் தெரியும். நோயாளி, துணைவர் இருவருடைய அசல் அடையாள அட்டைகளும் கையில் இருக்கட்டும். கேட்ட வாடகையில் வரி அடங்குமா என்றும் வினவுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேற்படாத அறைகளுக்கு ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுள்ளது.

மருத்துவமனை வாயிலிலேயே தங்க வேண்டும் என்பதுமில்லை. பெங்களூரில் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் தடம், பொம்மசந்திராவிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வழியாக நகருக்குள் செல்கிறது. ஜெயதேவா இதய மருத்துவமனையின் பெயரிலேயே அதில் ஒரு நிலையமும் உண்டு. நம் பேருந்து செல்லும் ஓசூர்ச் சாலையை ஒட்டிய பகுதிகளில் தங்கி, மெட்ரோவில் சென்று வர இயலுமா என்று பாருங்கள்.

எல்லோராலும் 1,800 ரூபாய் கொடுக்க இயலாது என்பதை நான் அறிவேன். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கிறது; துணைவர் வெளியே எடுக்கும் அறையின் வாடகையை ஏற்பதில்லை. அத்தகையோர் சாலையோரத்தில் படுப்பதற்கு முன், சேரும் மருத்துவமனையின் சமூகப் பணியாளரை அணுக வேண்டும். பெங்களூர் கித்வாய் புற்றுநோய் மையத்தில் வெளியூர் நோயாளிகளுக்கெனத் தர்மசாலை உள்ளது. புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இரயில் கட்டணச் சலுகை உண்டு. அதில் மிச்சமாகும் பணம் ஓர் இரவு வாடகைக்கு உதவும். கதிர்வீச்சு போன்று வாரக்கணக்கில் நீளும் சிகிச்சைகளுக்கு விடுதி ஏற்றதன்று. சமையல் வசதியுள்ள வாடகை அறையே நல்லது. பரிசோதனை, ஆலோசனை எனச் சில நாட்களில் முடியும் பயணத்திற்கே விடுதி பொருந்தும்.

நம் மாவட்டத்து மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பரிந்துரைச் சீட்டை எழுதும்போது, "அங்கே எங்கே தங்குவீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்க அரை நிமிடம் போதும். என்னை அன்று எவரேனும் அவ்வாறு கேட்டிருந்தால், என் மனைவி அந்தப் படிகளில் மூன்று முறை அமர்ந்திருக்க வேண்டியதில்லை.