பொப்பாயும் நாற்பது திருடர்களும், நாங்கள் தாண்டிப் போன காட்சியும்

தவணைப் பரீட்சை முடிந்து, விடுமுறை விடுவதற்கு முந்திய நாள். புள்ளி பதிவது, ரிப்போர்ட் எழுதுவது என்று ஆளுக்கொரு வேலை. தரம் 6 இன் இரண்டு வகுப்புப் பிள்ளைகளையும் ஸ்மார்ட் போர்ட் அறையில் ஒன்றாக இருத்தி ஒரு கார்ட்டூன் போட்டோம். பொப்பாய் அலிபாபாவின் நாற்பது திருடர்களோடு மோதும் படம், 1937 இல் வந்தது. எங்கள் மூவரில் மூத்தவர் சின்ன வயதில் பார்த்துச் சிரித்த படம் என்று அவரே தேடி எடுத்தார்.

திருடர் கூட்டம் வருகிறது. தலைப்பாகை, நீள அங்கி, வாள். தலைவனின் பெயர் அபூ ஹஸன். பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை கேட்டது: "சேர், கள்ளனுக்கு ஏன் எங்கட ஆக்கள்ற பேர வச்சிருக்கு?"

சிரித்துக்கொண்டிருந்த வகுப்பு அப்படியே அடங்கிப் போனது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? போர்டில் விரலை வைத்து இழுத்து அந்த இடத்தைத் தாண்டிவிட்டோம். பதில் சொல்லவில்லை. மூன்று பேர், எல்லோருக்கும் பத்து வருடத்துக்கு மேல் சேவை.

வீட்டுக்கு வந்தும் அது மனதை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் நாங்கள் விரலால் செய்ததைத்தான் பெரிய பெரிய கம்பனிகள் கத்தரிக்கோலால் பல காலமாகச் செய்துகொண்டிருக்கின்றன.

டொம் அன்ட் ஜெரி பார்க்காதவர் நம்மில் யார்? அந்த வீட்டில் ஒரு பெண் வருவாள். முகம் தெரியாது, கால்களும் செருப்பும், கையில் ஒரு தும்புத்தடியும்தான் தெரியும். 1940 இல் வந்த முதல் படத்திலேயே அவள் இருக்கிறாள். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களை வேலைக்காரியாகவே காட்டும் பழைய வழக்கத்தில் வரைந்த பாத்திரம். கறுப்பின மக்களின் அமைப்புகள் எதிர்த்தன; அந்த எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. 1960 களில் தொலைக்காட்சிக்காக அந்தக் காட்சிகளைத் திரும்ப வரைந்து அவளை வெள்ளைக்காரப் பெண்ணாக்கினார்கள். 1990 களில் பழைய உருவத்தை விட்டுவிட்டுக் குரலை மட்டும் மாற்றினார்கள். முதலில் அந்தக் குரலைக் கொடுத்த லிலியன் ராண்டல்ஃப் என்ற கறுப்பின நடிகையின் உழைப்பு அந்தப் பிரதிகளில் இல்லை. அவமானத்தை நீக்குகிறோம் என்று போய், அவமானப்பட்டவளையே நீக்கிவிட்டார்கள்.

1968 இல் யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பனி, தன் கையில் இருந்த வார்னர் கார்ட்டூன்களில் பதினொன்றை இனி தொலைக்காட்சிக்குக் கொடுப்பதில்லை என்று ஒதுக்கியது. கறுப்பின மக்களைக் கேலி செய்தவை. காட்டாமல் விட்டதில் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. பிள்ளைகள் காலைச் சாப்பாட்டோடு பார்க்கிற சாமான் இல்லை அது. ஆனால் காட்டாமல் விட்ட படத்துக்கு என்ன நடக்கிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

படச்சுருள் புத்தகம் மாதிரி அலுமாரியில் இருக்காது. 1950 களின் தொடக்கம் வரை படங்கள் பதிந்தது நைட்ரேட் சுருளில். அது எளிதில் தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீர் ஊற்றியும் அணையாது. 1978 இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டரில் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் ஹவுஸின் களஞ்சியத்தில் பிடித்த தீயில் நூற்றுக்கணக்கான படங்களின் மூல நெகட்டிவ்கள் போயின. பழைய டொம் அன்ட் ஜெரி படங்கள் பலவற்றின் மூலமும் அதில்தான் போனது. இன்று நாம் பார்ப்பது மிஞ்சிய பிரதிகளில் இருந்து எடுத்தது.

நிறத்தின் கதை இன்னும் சுவையானது. (விஞ்ஞான ஆசிரியர் எங்களில் ஒருவர், மன்னியுங்கள்.) அந்தக் காலத்து டெக்னிகலர் கார்ட்டூனில் ஒவ்வொரு சித்திரத்தையும் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள் ஊடாக மூன்று தடவை படம் எடுப்பார்கள். மூன்றும் பதிவது கறுப்பு வெள்ளையில்! நிறத்தைப் பிறகு பிரதி அச்சிடும்போதுதான் சேர்ப்பார்கள். நெகட்டிவில் சாயம் இல்லாததால் மங்குவதற்கும் ஒன்றும் இல்லை. 1950 களில் வந்த ஈஸ்ட்மன் கலரில் சாயம் சுருளிலேயே இருந்தது. விலை குறைவு, வேலை சுலபம், சில வருடங்களில் படம் முழுக்க இளஞ்சிவப்பாகிப் போகும். அதனால்தான் 1937 இன் பொப்பாயை 2007 இல் சுத்தம் செய்து டிவிடியில் போட்டபோது நேற்று வரைந்தது போல இருந்தது. அதற்கு முன் கண்டவர்கள் எல்லாம் விற்ற மங்கிய பிரதியைத்தான் உலகம் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் அப்படிச் சுத்தம் செய்யக் காசு வேண்டும். விற்க முடியாத படத்துக்கு எந்தக் கம்பனி காசு போடும்? பூட்டி வைத்த படம் பூட்டிய இடத்திலேயே உக்கிப் போகும். ஒதுக்கிய பதினொன்றில் எட்டைச் சுத்தம் செய்து ஹொலிவுட்டில் ஒரு திரைப்பட விழாவில் காட்டியது 2010 இல். நாற்பத்திரண்டு வருடம்! 1981 இல் ஒரு நூலகத்தையும் 1983 இல் ஹெந்தளையில் ஒரு ஸ்டூடியோவையும் எரியக் கொடுத்த நாட்டில் இருந்துகொண்டு இதை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

"அது அவங்கட பிரச்சினை, நம்மள அவமானப்படுத்தின படத்த ஏன் பாதுகாக்கணும்?" என்று சிலர் கேட்பார்கள். கேட்க நியாயம் உண்டு. 2019 ஏப்ரலுக்குப் பிறகு ஜுப்பாவோடு பஸ்ஸில் ஏறியவனின் பையை எத்தனை கண்கள் பார்த்தன என்பது எங்களுக்கும் தெரியும். அங்கி போட்டவன் ஆபத்தானவன் என்ற எண்ணம் திடீரென்று முளைத்ததல்ல. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று நாளைக்கு ஒருவர் கேட்டால் எதைக் காட்டுவோம்?

அலாவுதீன் படத்தைப் பாருங்கள். 1992 இல் டிஸ்னி வெளியிட்டபோது தொடக்கப் பாட்டில், அரபு தேசத்தில் அற்பக் காரணத்துக்கும் உடம்பில் கத்தி வைப்பார்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அமெரிக்க அரபு மக்களின் அமைப்பு ஒன்று எதிர்த்தது. 1993 இல் வீடியோவாக வந்தபோது வரியை மாற்றினார்கள். நாங்களும் அதைச் சந்தோசமாகத்தான் வாசித்தோம். ஆனால் அந்த ஊரைக் காட்டுமிராண்டி என்ற சொல் பாட்டில் அப்படியே இருந்தது. இப்போது பார்க்கும் பிள்ளைக்கு முதல் வரியும் தெரியாது, அதை எதிர்த்துக் குரல் கொடுத்த நம்மவர்களையும் தெரியாது. தப்பு அழிந்த அதே இடத்தில் போராட்டமும் அழிந்துவிட்டது.

வார்னர் கம்பனி பிற்காலத்தில் சில டிவிடிகளில் வேறு வழி எடுத்தது. படத்தை வெட்டாமல் விட்டு, இந்தச் சித்திரிப்புகள் அன்றும் பிழை, இன்றும் பிழை, மறைத்தால் இப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொன்னதாகிவிடும் என்ற கருத்தில் முன்னால் ஒரு அறிவிப்புப் போட்டது. எங்களுக்கு இது சரியாகப் படுகிறது. அதே கம்பனி 2013 இல் டொம் அன்ட் ஜெரி தொகுப்பில் இரண்டு படங்களை விட்டுவிட்டு வெளியிடப் பார்த்து, ரசிகர்கள் சண்டை பிடித்ததில் தொகுப்பே வராமல் போனதும் உண்மை.

மூலப் பிரதி முழுதாக இருக்க வேண்டும். அதை எந்த வயதுக்கு, யார் பக்கத்தில் இருந்து காட்டுவது என்பது வேறு கேள்வி. அது பெற்றோரும் ஆசிரியரும் தீர்மானிக்க வேண்டியது. பத்து வயதுப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாமல் அந்தப் படத்தைப் போட்டு விட்டுப் புள்ளி பதியப் போனது எங்கள் பிழை. தாண்டிப் போனது அதைவிடப் பெரிய பிழை.

அந்தப் பிள்ளையின் வாப்பாவைக் கடந்த ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் கண்டோம். நடந்ததைச் சொன்னோம். மகன் அன்று இரவே யூடியூப்பில் முழுப் படத்தையும் தேடிப் பார்த்துவிட்டானாம். பாடசாலை திறந்ததும் படத்தை ஆரம்பத்தில் இருந்து போட்டு அவன் கேட்ட கேள்வியைப் பாடமாக எடுக்கப் போகிறோம் என்றோம். மனிசன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எத்தின மணிக்கு சேர்? நானும் வந்து பின்னால இருக்கட்டா?" என்று கேட்டார்.