ஏரிக்கரை வகுப்பறை

நுழையும்முன்

சுற்றுலா என்றதும் மகிழாத மாணவர் இலர். பள்ளி ஆண்டில் கிடைக்கும் அந்த ஒருநாள், வெறும் பொழுதுபோக்காகக் கழிவதும் நெஞ்சில் நிலைக்கும் பாடமாக மாறுவதும் திட்டமிடுதலைப் பொறுத்தே அமைகின்றன. எங்குச் செல்வது, எவ்வாறு செல்வது, சென்றபின் என்ன செய்வது என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்வியும் ஏரியும்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் திருபுவனை. இவ்வூர்ப் பெருமாள் கோயிலில் முதலாம் இராசாதிராச சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கி.பி. 1048ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட கல்விக்கூடம் இங்கு இயங்கியதைத் தெரிவிக்கிறது. அதற்கும் முன்னர், 9ஆம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடுகள் பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைக் கூறுகின்றன. இவ்வாறு கல்வி வேரூன்றிய இம்மண்ணில் ஏரிகளும் மிகுதி. ஏரி நீரால் விளைந்த நெல்லே அக்காலக் கல்விச்சாலைகளைப் புரந்தது.

இன்றோ பள்ளியும் ஏரியும் ஒன்றையொன்று அறியாத அயலார்போல் உள்ளன. ஏரிக்கரை வழியாக நாள்தோறும் மிதிவண்டியில் பள்ளிக்கு வரும் மாணவர், நீர்வாழ் உயிரினங்களைப் பாடநூலின் படத்தில் காண்கிறார். இயற்கைச் சுற்றுலா என்னும் பெயரில் தொலைவிலுள்ள உயிரியல் பூங்காவிற்கோ கேளிக்கைப் பூங்காவிற்கோ பேருந்துகள் புறப்படுகின்றன. விடியுமுன் கிளம்பி நள்ளிரவில் திரும்பும் அப்பயணத்தில், பெரும்பொழுது பேருந்திலேயே கழிகிறது. கட்டணம் செலுத்த இயலாத உழவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை, தோழர்கள் பேருந்தில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு பள்ளி வாயிலில் நிற்கிறது. ஒரு வகுப்பைப் பணம் உள்ளோர், இல்லோர் எனப் பிரிக்கும் பயணத்தைக் கல்வி எனக் கூறுவது பொருந்தாது.

எனவே, இயற்கையைக் கற்பதற்கான பயணம் அருகிலுள்ள ஏரியிலிருந்தே தொடங்குதல் வேண்டும். ஒரு பாடத்தைத் திட்டமிடுவதுபோல் அதனைத் திட்டமிடுதலும் வேண்டும்.

அருகிருக்கும் செல்வம்

வில்லியனூருக்கு வடக்கே பரந்து விரிந்துள்ள ஊசுடு ஏரி புதுவைப் பகுதியின் மிகப்பெரிய ஏரியாகும். ஏறத்தாழ 800 எக்டேர் பரப்புடைய இதனைப் புதுச்சேரியும் தமிழ்நாடும் பகிர்ந்துகொள்கின்றன. சங்கராபரணி ஆற்றின் நீர் கால்வாய் வழியே இதனை அடைகிறது. புதுச்சேரி அரசு 2008ஆம் ஆண்டு தன் எல்லைக்குட்பட்ட பகுதியைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தது. பாகூர் ஏரியோ தென்பெண்ணை நீரைப் பங்காரு வாய்க்கால் வழியாகப் பெறுகிறது. வடகிழக்குப் பருவமழையால் இந்நீர்நிலைகள் நிறைந்ததும் வலசைப் பறவைகள் வரத்தொடங்குகின்றன. மார்கழி, தை மாதங்களின் காலைப்பொழுது அவற்றைக் காண ஏற்றது.

கரையில் நின்று காண்பவர்க்கு அங்கு விடையைத் தேடவைக்கும் வினாக்கள் பல கிடைக்கின்றன. நீரில் மூழ்கி மீன் பிடித்த நீர்க்காகம், பட்டமரத்தில் அமர்ந்து சிறகுகளை விரித்துக் காயவைப்பது ஏன்? அதன் இறகுகள் நீரில் எளிதில் நனைவதே காரணம். அவ்வாறு நனைவதால் நீருக்குள் மூழ்குவது அதற்கு எளிதாகிறது. இலைக்கோழி தாமரை இலைமீது அமிழாமல் நடப்பது எங்ஙனம்? அதன் நீண்ட விரல்கள் உடலின் எடையைப் பரவலாகத் தாங்குகின்றன. நெற்றியில் வெண்ணிறப் பட்டையுடன் நீந்தும் பறவைக்கு நாமக்கோழி எனப் பெயரிட்டவர், அதனைக் கூர்ந்து நோக்கிய எளிய மக்களே. விலங்கியலும் இயற்பியலும் தமிழும் அக்கரையில் ஒன்றாகக் கற்கப்படுகின்றன.

குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்களை அடுக்கிக் கூறிய கபிலரும், நாரையைத் தூதுவிட்ட சத்திமுத்தப் புலவரும் இயற்கையைக் கண்ணாரக் கண்டவர்கள். மலரையும் நாரையையும் நேரில் அறியாத மாணவர்க்கு அப்பாடல்கள் மனப்பாடப் பகுதியாக மட்டுமே எஞ்சும்.

செல்லும் முன்னர்

நல்ல பயணம் புறப்படும் நாளுக்குப் பல நாள்கள் முன்பே தொடங்கிவிடுகிறது. பொறுப்பாசிரியர் ஒருமுறை தனியே சென்று வழியையும் நிழலுள்ள இடத்தையும் ஆழமான பகுதிகளையும் பார்த்து வருதல் வேண்டும். வனத்துறையின் இசைவும் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதலும் தேவை. குடிநீர், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றோடு கழிப்பறை வசதியையும் முன்னரே உறுதிசெய்தல் இன்றியமையாதது. கழிப்பறை இல்லை என்பதற்காகவே பயணத்தைத் தவிர்க்கும் மாணவியர் உண்டு என்பதை மறத்தலாகாது.

எண்ணிக்கையும் கருதத்தக்கது. பழந்திருபுவனைக் கல்விக்கூடத்தில் ஏறத்தாழ 22 மாணவர்க்கு ஓர் ஆசிரியர் இருந்தார். ஏரிக்கரைக்கு அந்த அளவும் மிகுதியே. பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிற்கும் ஓர் ஆசிரியரையோ பொறுப்பான பெரியவரையோ துணையாக்குதல் நன்று. நூறு பேர் ஒருங்கே சென்றால் பறவைகள் பறந்தோடும். மாணவர் காண்பது வெறும் நீர்ப்பரப்பையே.

இப்பணிகள் யாவும் ஆசிரியருக்கு மட்டும் உரியன அல்ல. இசைவு வேண்டி விண்ணப்பம் எழுதுதல், செலவுக் கணக்கு வகுத்தல், பறவைகளின் படங்களைத் தொகுத்தல் போன்றவற்றைப் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் செம்மையாகச் செய்ய இயலும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துச் செல்கையில் ஆசிரியருக்குத் துணையாக நிற்கவும் இயலும். திட்டமிடுதலே ஒரு பாடம்.

கரையில்

பறவைகள் வாழும் இடத்திற்கு நாம் விருந்தினராகச் செல்கிறோம். பளிச்சிடும் உடைகளைத் தவிர்த்தல், மெல்லப் பேசுதல், கூடுகளை நெருங்காதிருத்தல், நெகிழிப் பொருள்களைக் கொண்டு செல்லாதிருத்தல் ஆகியவை விருந்தினர்க்குரிய பண்புகள். ஒலிபெருக்கிப் பாட்டுக்கும் கூச்சலுக்கும் அங்கு இடமில்லை. செல்பேசியில் தம்மைத் தாமே படமெடுப்பதில் பொழுதைக் கழிப்பதைவிட, குறிப்பேட்டில் ஒரு பறவையை வரைவது மேலானது. வரைபவர் அலகின் வளைவையும் காலின் நிறத்தையும் உற்றுநோக்கியே தீரவேண்டும்.

ஏரியை நன்கறிந்தவர்கள் கரையிலேயே உள்ளனர். வலை வீசும் மீனவரும் மாடு மேய்க்கும் முதியவரும் அன்று ஆசிரியராகலாம். அவர்கள் வழங்கும் பெயர்களை ஊர்ப்பெயரோடும் நாளோடும் குறித்துக்கொள்வது தமிழுக்கும் செய்யும் தொண்டாகும்.

அச்சமும் பாதுகாப்பும்

2007ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், கேரளத்தின் தட்டேக்காடு பறவைகள் காப்பிடத்திற்குச் சுற்றுலா சென்ற பள்ளிக் குழுவினரின் படகு கவிழ்ந்தது. 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் உயிரிழந்தனர். அப்படகு அளவுக்கு மீறி ஆள்களை ஏற்றிச் சென்றது. இத்தகைய துயரங்களை அறிந்த பெற்றோர் அஞ்சுவதில் வியப்பில்லை. அவர்தம் அச்சத்தை எள்ளி ஒதுக்குவது முறையுமன்று.

ஆயினும் அந்நிகழ்வு உணர்த்தும் பாடம், பயணமே கூடாது என்பதன்று. கவனமின்றிப் பயணம் கூடாது என்பதாகும். பறவைகளைக் காணப் படகு தேவையில்லை, கரையே போதும். நீரில் இறங்குவதற்கு முழுத்தடை, இருவர் இருவராக நடத்தல், மணிக்கொருமுறை எண்ணிக்கையைச் சரிபார்த்தல் ஆகிய மூன்றும் உறுதியாகப் பின்பற்றப்படின் இடர்கள் பெரிதும் குறையும். அச்சத்தால் வகுப்பறைக் கதவை அடைப்பது எளிது. ஆனால், நீர்நிலையில் எவ்வாறு நடந்துகொள்வது என்பதைக் கற்பிக்காமல் விடுவதும் ஒருவகை இடரே. ஏரிகளுக்கு நடுவே வாழும் பிள்ளைகள் என்றேனும் ஒருநாள் தனியே நீர்க்கரைக்குச் செல்லத்தான் போகிறார்கள்.

தேர்வும் பயணமும்

பொதுத்தேர்வை நோக்கி விரையும் மேல்நிலை வகுப்பில் இதற்கு நேரம் ஏது என வினவுவோரும் உளர். உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டு எம்.சி. மேத்தா வழக்கில், சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்கப் பணித்தது. அதன் பயனாகப் பாடம் வந்தது, தேர்வு வந்தது, மதிப்பெண்ணும் வந்தது. ஏரியைக் காணாமலேயே ஏரிப் பாதுகாப்பைப் பற்றி ஐந்து மதிப்பெண் வினாவிற்கு விடையெழுதும் நிலையும் உடன் வந்தது. தொலைதூரச் சுற்றுலாவிற்கு முழுநாள் வேண்டும். அருகிலுள்ள ஏரிக்கு ஒரு காலைப்பொழுது போதும். அரைநாளைச் செலவிட்டு ஓராண்டுப் பாடத்திற்குப் பொருள் சேர்ப்பதை இழப்பெனக் கருத இயலாது.

திரும்பிய பின்னர்

பயணம் பள்ளி வாயிலில் முடிந்துவிடலாகாது. கண்ட பறவைகளின் பெயர், எண்ணிக்கை, நாள், நேரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிப் பள்ளியில் பாதுகாத்தல் வேண்டும். ஆண்டுதோறும் அதே ஏரிக்கு, அதே மாதத்தில் சென்று பதிந்தால், பத்தாண்டில் அஃது அவ்வேரியின் வரலாறாகிவிடும். 2015 முதல் தமிழகத்தில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு போன்ற முயற்சிகளில் மாணவர்களும் பங்கேற்கலாம். ஏரி சுருங்குகிறதா, பறவைகள் குறைகின்றனவா என்னும் வினாக்களுக்கு அப்பதிவேடு சான்றோடு விடை கூறும்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் காப்பிடத்தை ஒட்டியுள்ள கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அறிவிப்புப் பலகை அப்பண்பை அவர்களுக்கு ஊட்டவில்லை. கண்மாயில் வாழும் பறவைகளை நாள்தோறும் கண்டு பழகிய உறவே ஊட்டியது. அறிந்ததையே மனிதர் நேசிப்பர், நேசிப்பதையே காப்பர்.

திருபுவனையிலும் வில்லியனூரிலும் பாகூரிலும் இன்று படிக்கும் மாணவர்களே நாளை இந்த ஏரிகளின் கரையையும் மதகையும் வரத்துக்காலையும் பற்றி முடிவெடுக்கப் போகும் குடிமக்கள். அவர்களை ஒரு காலைப்பொழுதேனும் கரைக்கு அழைத்துச் செல்வது பள்ளியின் கடமை. கட்டணம் செலுத்த இயலாத பிள்ளையும் அவ்வரிசையில் நடக்கவேண்டும்.